ஆங்கில மொழியியல் கலைச்சொற்களை நம் வாயிலேயே சோதித்துப் படிக்கும் முறை

கடலூரிலும் புதுச்சேரியிலும் இளங்கலை ஆங்கிலம் படிக்கும் மாணவர்கள், மொழியியல் தாள் வரும் பருவத்தில் சற்றுத் தயங்கி நிற்பதை ஆண்டுதோறும் பார்க்கிறேன். அதுவரை நாடகமும் கவிதையும் படித்துவந்தவர்களின் முன்னால் ஃபோனீம், அல்லோஃபோன், மார்ஃபீம், சின்டாக்ஸ், டைக்சிஸ் என்று பழக்கமில்லாத பெயர்கள் வரிசையாக வருகின்றன. பலரும் கையேட்டில் உள்ள வரையறையை அப்படியே நெட்டுருப் போட்டு, தேர்வுத் தாளில் இறக்கிவைத்துவிட்டு, அடுத்த மாதமே மறந்துவிடுகிறார்கள். இந்தக் கலைச்சொற்களில் பெரும்பாலானவற்றைத் தமிழ் பேசும் நம் வாயிலும் காதிலுமே சோதித்துப் பார்க்க முடியும். அப்படிச் சோதித்தவர்களுக்கு வரையறையைச் சொந்தமாகவே எழுத வரும். அந்தச் சோதனைகளை எப்படிச் செய்வது என்பதையே இங்கே சொல்கிறேன்.

முதலில் தனியாக ஒரு நோட்டு போட்டுக்கொள்ளுங்கள். ஒரு கலைச்சொல்லுக்கு ஒரு பக்கம் போதும். பக்கத்தின் தலைப்பில் சொல்லையும், அதன்கீழே அந்தச் சொல் எந்தக் கேள்விக்கு விடையாகப் பிறந்தது என்பதையும், எந்தச் சொல்லோடு அதைக் குழப்பிக்கொள்ள வாய்ப்பு உண்டு என்பதையும் எழுதுங்கள். பிறகு ஆங்கிலத்திலிருந்து ஓர் எடுத்துக்காட்டும், நீங்கள் வீட்டிலோ பேருந்திலோ பேசிய தமிழிலிருந்து ஓர் எடுத்துக்காட்டும் சேருங்கள். மொழியியலில் கலைச்சொற்கள் பெரும்பாலும் இரண்டிரண்டாகவே வருகின்றன. ஒன்றை மட்டும் தனியே படிப்பவருக்கு அதன் எல்லை தெரியாது. அதனால் நோட்டின் இடப்பக்கத்தில் ஒன்றும் வலப்பக்கத்தில் அதன் இணையும் இருக்கும்படி எழுதுவது நல்லது.

பாடத்திட்டங்கள் பல சுவிட்சர்லாந்து மொழியியலாளர் சசூரிடமிருந்து தொடங்குகின்றன. அந்த வரிசையை வீட்டில் பின்பற்ற வேண்டியதில்லை என்பது என் கருத்து. கோட்பாட்டுச் சொற்களைக் கடைசிக்கு வைத்துவிட்டு, ஒலியில் தொடங்கி, சொல்லின் உறுப்புகள், தொடர், பொருள், பயன்பாடு, சமூகம் என்று மேலே ஏறுங்கள். ஒலியை விரல் வைத்துத் தொட்டுப் பார்க்கலாம், கோட்பாட்டை அப்படித் தொட முடியாது.

ஒலியியலுக்குள் நுழையும்போது எழுத்தையும் ஒலியையும் பிரித்துவிடுங்கள். ஆங்கில நெடுங்கணக்கில் எழுத்துகள் 26. பிரித்தானியத் தர உச்சரிப்பின் ஒலியன்களையோ, அதாவது பொருளை வேறுபடுத்தும் ஒலிகளையோ, பாடநூல்கள் வழக்கமாக 44 என்று கணக்கிடுகின்றன: உயிர் 20, மெய் 24. கப்பலைக் குறிக்கும் ஷிப் என்ற சொல்லின் தொடக்கத்தில் எழுத்து இரண்டு, ஒலி ஒன்று. பெட்டியைக் குறிக்கும் பாக்ஸ் என்ற சொல்லின் முடிவில் எழுத்து ஒன்று, ஒலி இரண்டு. எழுத்துக்கூட்டல் இப்படிக் கைவிடுவதால்தான் ஓர் ஒலிக்கு ஒரு குறி என்ற முறை தேவைப்பட்டது. 1886-இல் பாரிஸில் தொடங்கப்பட்ட பன்னாட்டு ஒலியியல் கழகம் வகுத்த அந்தக் குறிகளையே அகராதிகளில் காண்கிறீர்கள். குறிகளைப் பட்டியலாகப் படிக்காமல், உங்கள் பெயரையும் தெருவின் பெயரையும் அவற்றால் எழுதிப் பழகுங்கள்.

ஒரு மெய்யொலியை அடையாளம் காட்ட மூன்று செய்திகள் வேண்டும்: வாயில் எந்த இடத்தில் பிறக்கிறது, மூச்சு எந்த முறையில் தடைபடுகிறது, குரல்வளை அதிர்கிறதா. இது நமக்குப் புதிதன்று. தொல்காப்பியத்தின் பிறப்பியல் பகரமும் மகரமும் இதழ்கள் பொருந்துவதால் பிறப்பதை முன்பே சொல்லியிருக்கிறது. மூன்றாவது செய்திக்கு மட்டும் நாம் தனிப் பயிற்சி எடுக்க வேண்டும். தொண்டையில் இரண்டு விரல்களை வைத்து ஸ் என்று நீட்டுங்கள், அதிர்வு இருக்காது. வரிக்குதிரையின் ஆங்கிலப் பெயரில் வரும் முதல் ஒலியை அதேபோல நீட்டுங்கள், விரலில் அதிர்வு தெரியும். முன்னது ஒலிப்பிலா ஒலி, பின்னது ஒலிப்புடை ஒலி. நாவின் இடம் இரண்டுக்கும் ஒன்றே.

இப்போது இந்தத் தாளிலேயே முக்கியமான இணைக்கு வருகிறோம்: ஒலியன், மாற்றொலி. ஃபோனீம், அல்லோஃபோன் என்று நீங்கள் படிப்பவை இவைதாம். இங்கே நேரம் எடுத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் இந்த இணை விளங்கினால் பின்னால் வரும் பாதிச் சொற்கள் இதே அச்சில் விளங்கிவிடும்.

குளிருக்கு அணியும் மேலங்கியின் ஆங்கிலப் பெயரையும், வெள்ளாட்டின் ஆங்கிலப் பெயரையும் தமிழ் எழுத்தில் எழுதுங்கள். இரண்டும் கோட் என்றே வரும். ஆங்கிலம் பேசுபவருக்கு அவை முற்றிலும் வேறான சொற்கள். முதல் ஒலியில் குரல்வளை அதிர்கிறதா இல்லையா என்ற ஒரே வேறுபாடு பொருளையே மாற்றிவிடுகிறது. ஒரே ஓர் ஒலியால் மட்டும் வேறுபட்டுப் பொருள் மாறும் இத்தகைய சொல்லிணையை மினிமல் பேர் என்பார்கள். அது கிடைத்துவிட்டால் அந்த இரண்டு ஒலிகளும் அந்த மொழியில் இரண்டு ஒலியன்கள் என்பதற்குச் சான்று கிடைத்ததாகும்.

தமிழ் எழுத்து ஏன் இரண்டையும் ஒன்றாக எழுதுகிறது? கடல், சங்கு, மகன் ஆகிய மூன்று சொற்களையும் தொண்டையில் விரல் வைத்துச் சொல்லிப் பாருங்கள். கடலின் ககரத்தில் அதிர்வு இல்லை. சங்கில் மெல்லினத்தை அடுத்து வரும் ககரம் அதிர்கிறது. மகனில் இரண்டு உயிர்களுக்கு நடுவே அது இன்னும் தளர்ந்து, ஏறக்குறைய ஹகரம் போலவே சிலர் வாயில் கேட்கிறது. உண்மையில் நாம் மூன்று ஒலிகளை ஒலிக்கிறோம். ஆனால் எந்த இடத்தில் எது வரும் என்பதைச் சூழலே முடிவுசெய்கிறது. ஒன்று வரும் இடத்தில் மற்றொன்று வருவதில்லை. அவற்றை மாற்றி ஒலித்தாலும் புதுச்சொல் பிறப்பதில்லை, கேட்பவருக்கு உச்சரிப்பு விநோதமாகப் படும், அவ்வளவுதான். இப்படி இடத்தைப் பங்கிட்டுக்கொண்டு வரும் நிலைக்குக் காம்ப்ளிமென்டரி டிஸ்ட்ரிபியூஷன் என்று பெயர். அந்த மூன்றும் ககரம் என்ற ஒரே ஒலியனின் மாற்றொலிகள். தமிழுக்கு ஓர் எழுத்தே போதுமானதாக இருப்பதன் காரணம் இதுவே. காந்தி, பஸ் போன்ற பிறமொழிச் சொற்கள் வந்தபிறகு சொல்லின் முதலிலும் அதிரும் ஒலிகள் நம் பேச்சில் நுழைந்துவிட்டன என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். தேர்வில் இந்த ஒரு வரியைச் சேர்ப்பவரின் விடை தனியாகத் தெரியும்.

ஆங்கிலத்தில் மாற்றொலிக்கு எடுத்துக்காட்டாக எல்லாப் பாடநூலும் குண்டூசியைக் குறிக்கும் பின் என்ற சொல்லையும், சுழற்சியைக் குறிக்கும் ஸ்பின் என்ற சொல்லையும் தரும். முதல் சொல்லின் பகரத்தோடு மூச்சு பீறிட்டு வரும் என்றும், இரண்டாவதில் வராது என்றும், உதட்டின் முன் ஒரு தாளைப் பிடித்துச் சோதிக்கலாம் என்றும் எழுதியிருக்கும். வகுப்பில் இதைச் செய்யும்போது எழுபது பக்க நோட்டிலிருந்து கிழித்த தாள் இரண்டு முறையும் அசையாமல் நிற்கும். உடனே மாணவர்கள் புத்தகத்தில் இருப்பது தவறு என்றோ, தாங்கள் சரியாகச் செய்யவில்லை என்றோ எண்ணிக்கொள்கிறார்கள். இரண்டும் இல்லை. தமிழின் பகரத்துக்கு அந்த மூச்சு கிடையாது. நாம் ஆங்கிலச் சொல்லையும் நம் பகரத்தைக்கொண்டே ஒலிக்கிறோம். தாள் அசையாமல் நின்றதே நம் தாய்மொழியின் ஒலியமைப்பு நம் ஆங்கிலத்துக்குள் புகுந்து வேலை செய்வதற்கான சான்று. அதற்கும் இன்டர்ஃபியரன்ஸ் என்று ஒரு கலைச்சொல் உண்டு, தாய்மொழித் தலையீடு என்று நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு கைப்பேசியில் நல்ல அகராதியொன்றின் உச்சரிப்புப் பதிவைத் திறந்து இரண்டு சொற்களையும் மாறிமாறிக் கேளுங்கள், வேறுபாடு காதுக்குப் பிடிபடும்.

பயிற்சிக்கு நம் மொழியிலேயே வளம் இருக்கிறது. வால், வாள் என்பது மினிமல் பேர். மனம், மணம் என்பது இன்னொன்று. ஆனால் மனம், மணம் இரண்டையும் ஒரே மாதிரி ஒலிப்பவரின் பேச்சில் அது மினிமல் பேராக நிற்குமா? நிற்காது. ஒலியனை எழுத்தை வைத்து முடிவுசெய்யக் கூடாது, பேசுபவரின் வாயை வைத்தே முடிவுசெய்ய வேண்டும். வாழைப்பழத்தை வாளப்பளம் என்பவரும் வாயப்பயம் என்பவரும் கடலூர்ப் பேருந்து நிலையத்திலேயே கிடைப்பார்கள். அவர்களைத் திருத்தப் போகாமல், யார் எப்படிச் சொல்கிறார்கள் என்று குறித்துக்கொண்டு வாருங்கள். எப்படிப் பேச வேண்டும் என்று விதிப்பது பிரிஸ்கிரிப்டிவ் அணுகுமுறை. எப்படிப் பேசுகிறார்கள் என்று விவரிப்பது டிஸ்கிரிப்டிவ் அணுகுமுறை. மொழியியல் இரண்டாவதைச் சேர்ந்தது.

அடுத்தது சொல்லின் உறுப்புகள். பொருள் தரும் மிகச்சிறிய அலகு உருபன், அதாவது மார்ஃபீம். பத்தாம் வகுப்பில் வந்தனன் என்ற சொல்லைப் பகுதி, சந்தி, இடைநிலை, சாரியை, விகுதி என்று பிரித்து மதிப்பெண் வாங்கியவர்களுக்கு இதைப் புதிதாகக் கற்பிக்க வேண்டியதே இல்லை. அந்தப் பகுபத உறுப்பிலக்கணமே இந்த இயலுக்கான பயிற்சி. தனித்து நிற்கக் கூடியது ஃப்ரீ மார்ஃபீம், ஒட்டி மட்டுமே வரக் கூடியது பவுண்ட் மார்ஃபீம். நட என்பது தனித்து நிற்கும், வந்தான் என்பதில் உள்ள ஆன் விகுதி தனித்து நிற்காது.

ஒலியனுக்கு மாற்றொலிபோல உருபனுக்கு மாற்றுருபு உண்டு. செய்தான், கண்டான், நின்றான், ஓடினான் ஆகிய நான்கிலும் இறந்தகாலத்தைக் காட்டும் உறுப்பு த், ட், ற், இன் என்று வடிவம் மாறுகிறது, பொருள் மாறவில்லை. ஆங்கிலப் பன்மை விகுதியும் இப்படியே நடக்கிறது. பூனைகளைச் சொல்லும்போது அது அதிராத ஸகரம். நாய்களைச் சொல்லும்போது அதிரும் ஒலி. பேருந்துகளைச் சொல்லும்போது நடுவில் ஓர் உயிரும் சேர்ந்துகொள்கிறது. எழுத்தில் முதலிரண்டும் ஒன்றுபோலவே இருப்பதால் நம் கண்ணுக்கு வேறுபாடு தெரிவதில்லை. முந்தைய ஒலி அதிர்ந்தால் விகுதியும் அதிரும் என்ற விதியைத் தொண்டையில் விரல் வைத்தே கண்டுபிடித்துவிடலாம்.

இன்ஃப்ளெக்ஷன், டெரிவேஷன் என்ற இணையில் பலர் தடுமாறுகிறார்கள். ஒரு சொல்லின் இலக்கண வடிவத்தை மட்டும் மாற்றுவது முதலாவது. புதுச்சொல்லை ஆக்குவது இரண்டாவது. இக்கால ஆங்கிலத்தில் முதல் வகை விகுதிகள் எட்டு என்று பாடநூல்கள் கணக்கிடுகின்றன. டீச்சர் என்ற சொல்லின் இறுதியும், சிறியதைவிடச் சிறியது என்று பொருள்படும் ஸ்மாலர் என்ற சொல்லின் இறுதியும் ஒரே ஒலிதான். முதலாவது வினையிலிருந்து பெயரை ஆக்கியது, ஆகவே டெரிவேஷன். இரண்டாவது ஒப்பீட்டை மட்டும் காட்டியது, ஆகவே இன்ஃப்ளெக்ஷன். வாட்டர் என்பதன் இறுதி இவ்விரண்டும் அன்று, அதை வெட்டினால் மிஞ்சும் துண்டுக்கு அங்கே பொருளே இல்லை.

தொடரியலில் ஓர் எச்சரிக்கை போதும்: சொல்லின் வகையையும் அது தொடரில் செய்யும் வேலையையும் ஒன்றாக்காதீர்கள். பெயர்ச்சொல் என்பது வகை, எழுவாய் என்பது வேலை. எனக்குப் பசிக்கிறது என்று நாம் சொல்லும்போது பசியை உணர்பவர் நான்காம் வேற்றுமையில் நிற்கிறார். அதையே ஆங்கிலத்தில் சொன்னால் அவர் எழுவாயாகிவிடுகிறார். உணர்பவர் என்பது பொருள் சார்ந்த பங்கு, எழுவாய் என்பது இலக்கணம் சார்ந்த இடம். இரண்டும் எப்போதும் ஒன்றாகவே இருக்கும் என்று எண்ணுபவர்களுக்கு இந்த ஒரு தொடரே போதிய மறுப்பு. தொடரின் கூறு என்று பொருள்படும் கான்ஸ்டிட்டுவென்ட் என்பதற்குப் பழைய புத்தகக் கடை என்ற பெயர்ப்பலகையை எடுத்துக்கொள்ளுங்கள். பழையது புத்தகமா கடையா என்பது, எந்த இரண்டு சொற்களை முதலில் ஒரு கூறாகச் சேர்க்கிறோம் என்பதைப் பொறுத்தது. கூறுகளைக் கிளைகளாகக் காட்டும் மர வரைபடம் இரண்டு விதமாக அமையும், பொருளும் இரண்டாகும். சொல் எதுவும் இருபொருள் படாமல் அமைப்பினால் மட்டுமே இருபொருள் தோன்றும் இந்நிலை ஸ்ட்ரக்சரல் ஆம்பிகுவிட்டி எனப்படும்.

சொற்பொருளை ஆராயும் பொருண்மையியலை, அதாவது செமான்டிக்ஸை, விரைவாகக் கடக்கலாம். ஆறு என்ற எண்ணும் ஆறு என்ற நீரோட்டமும் தொடர்பில்லாத இரண்டு சொற்கள், வடிவம் தற்செயலாக ஒன்று: ஹோமோனிமி. முகத்தில் உள்ள வாயும் பானையின் வாயும் ஒரே சொல்லின் விரிந்த பொருள்கள்: பாலிசெமி. பூ என்பதற்குள் மல்லியும் கனகாம்பரமும் அடங்குவது ஹைப்போனிமி. தொல்காப்பியத்தின் பொருளதிகாரத்தைச் செமான்டிக்ஸ் என்று தேர்வில் எழுதிவிடாதீர்கள். அது பெரும்பாலும் இலக்கியத்தின் பாடுபொருளைப் பற்றியது.

பேச்சு சூழலில் எப்படிப் பொருள் தருகிறது என்று பார்க்கும் பயன்வழியியலுக்கு, அதாவது பிராக்மாட்டிக்ஸுக்கு, பேருந்தில் ஏறுங்கள். புதுச்சேரியிலிருந்து கடலூருக்கு அரியாங்குப்பம், தவளக்குப்பம், கிருமாம்பாக்கம் வழியாக வரும் பேருந்தில் நடத்துநர் ஒரு பயணியிடம், “சில்லறை இருக்கா?” என்று கேட்கிறார். “இருக்கு” என்று மட்டும் சொல்லிவிட்டு அந்தப் பயணி சன்னல் வழியே பார்க்கத் தொடங்கினால், கேள்விக்கு விடை சொல்லிவிட்டார் என்று யாரும் கருத மாட்டார்கள். சொல்லப்பட்ட வாக்கியம் ஒரு வினா, அது லோக்யூஷன். அதைச் சொல்லி அவர் செய்த செயல் ஒரு வேண்டுகோள், அது இல்லோக்யூஷன். பயணி பையைத் துழாவத் தொடங்குவது அந்தப் பேச்சால் விளைந்தது, அது பெர்லோக்யூஷன். சிறிது நேரத்தில் அதே நடத்துநர், “உள்ளே நெறைய எடம் இருக்குங்க” என்கிறார். வடிவத்தில் இது செய்தி, செயலில் இது உள்ளே நகரச் சொல்லும் ஏவல். ஆங்கிலேய மெய்யியலாளர் ஜே. எல். ஆஸ்டின் 1955-இல் ஹார்வர்டில் ஆற்றிய உரைகள் அவர் இறந்தபின் 1962-இல் நூலாக வந்தபோது பரவலான கருத்து இதுதான்: பேசுவதும் ஒரு செயல். ஒரு நாள் பயணத்தில் கேட்ட பேச்சுகளை எழுதிக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் இந்த மூன்று பெயர்களையும் பொருத்திப் பார்த்தவருக்கு இந்த இயலில் பயம் இராது.

மெய்யியலாளர் எச். பி. கிரைஸ் 1975-இல் வெளியிட்ட கட்டுரையிலிருந்து வந்த இம்ப்ளிகேச்சர், அதாவது சொல்லாமல் உணர்த்தும் மறைபொருள், என்ற சொல்லையும் இதன் அருகிலேயே எழுதுங்கள். “நாளைக்குக் காலேஜ் வருவியா?” என்று தோழி கேட்க, கடலூர்க் கடற்கரையிலுள்ள தேவனாம்பட்டினத்துப் பெண், “நாளைக்கு மாசிமகம்ல” என்கிறாள். வருவேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. ஆனால் கடற்கரைக்குச் சாமிகள் தீர்த்தவாரிக்கு வரும் நாளில் அந்த ஊர்ப்பெண் வீட்டில்தான் இருப்பாள் என்பது இருவருக்கும் தெரியும். கேட்ட கேள்விக்குத் தொடர்புடையதையே அவள் சொல்கிறாள் என்று தோழி நம்புவதால் மறைபொருள் விளங்குகிறது. பொருண்மையியலுக்கும் பயன்வழியியலுக்கும் உள்ள வேறுபாட்டை இதைவிடத் தெளிவாகக் காட்டும் எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை: சொற்களின் பொருளை மட்டும் வைத்துப் பார்த்தால் அந்த விடை கேள்வியைத் தொடவே இல்லை. டைக்சிஸ் என்பது சுட்டு. இங்கே, நாளைக்கு, நான் போன்ற சொற்கள் யார், எங்கே, எப்போது பேசினார் என்று தெரிந்தால் மட்டுமே பொருள் தரும்.

சமூக மொழியியலில் நமக்கு நேரடி உரிமை உள்ள சொல் டைகுளோசியா, அதாவது இரட்டை வழக்கு. வருகிறார்கள் என்று எழுதுகிறோம், வராங்க என்று பேசுகிறோம். அமெரிக்க மொழியியலாளர் சார்லஸ் ஃபெர்குசன் 1959-இல் எழுதிய கட்டுரை அரபு, கிரேக்கம், சுவிட்சர்லாந்து ஜெர்மன், ஹைட்டிய கிரியோல் ஆகிய நான்கு சமூகங்களைக்கொண்டு இதை விளக்கியது. நம் தமிழும் அந்த வரையறைக்கு நன்றாகப் பொருந்துகிறது. இதைப் பைலிங்குவலிசத்தோடு குழப்பாதீர்கள். வீட்டில் தமிழும் அலுவலகத்தில் பிரெஞ்சும் பேசும் புதுச்சேரிக்காரர் இருமொழியாளர். ஒரே தமிழின் இரண்டு வழக்குகளை இடம் பார்த்துப் பயன்படுத்தும் நாம் அனைவரும் இரட்டை வழக்கினர். அதுபோலவே சாவி, சன்னல், அலமாரி ஆகியவை போர்ச்சுக்கீசியத்திலிருந்து வந்து தமிழாகவே ஆகிவிட்ட கடன்சொற்கள். “அசைன்மென்ட் நேத்தே சப்மிட் பண்ணிட்டேன்” என்பதோ பேச்சுக்குள் நடக்கும் மொழிக்கலப்பு.

இவ்வளவு தூரம் வந்தபின் சசூரைத் திறங்கள். அவருடைய ஜெனீவா விரிவுரைகளை உடன்பணியாற்றியோர் மாணவர்களின் குறிப்புகளிலிருந்து தொகுத்து, அவர் மறைந்தபின் 1916-இல் வெளியிட்டார்கள். சமூகம் முழுவதற்கும் பொதுவான அமைப்பு லாங், ஒருவர் வாயிலிருந்து வரும் பேச்சு பரோல். பகுதி ஒன்று எனப்படும் மொழிப்பாடத்தில் பிரெஞ்சு எடுத்துப் படிக்கும் புதுச்சேரி மாணவர்களுக்கு இந்தச் சொற்கள் முன்பே பழகியவை. ககரம் என்ற ஒலியன் லாங்கைச் சேர்ந்தது. மகன் என்று இன்று காலை நீங்கள் சொன்னபோது எழுந்த தளர்ந்த ஒலி பரோலைச் சேர்ந்தது. அமெரிக்க மொழியியலாளர் சாம்ஸ்கி 1965-இல் பிரித்துக் காட்டிய காம்பிட்டன்ஸ் (மொழியறிவு), பெர்ஃபார்மன்ஸ் (அந்த அறிவைப் பேச்சில் பயன்படுத்துதல்) என்ற இணை இதற்கு அருகில் நிற்கிறது. ஆனால் சசூர் சமூகத்தின் பொதுச்சொத்தாகக் கண்டதை, சாம்ஸ்கி தனி மனிதரின் மனத்துக்குள் உள்ள அறிவாகக் கண்டார். ஐந்து மதிப்பெண் கேள்வியில் எதிர்பார்க்கப்படுவது இந்த வேறுபாடே.

விடை எழுதும்போது முதல் வரியில் வரையறையும், இரண்டாவது வரியில் இணைச்சொல்லிலிருந்து அது வேறுபடும் இடமும், மூன்றாவதில் ஆங்கில எடுத்துக்காட்டும் வரட்டும். இடமிருந்தால் தமிழ் எடுத்துக்காட்டை ஒலிக்குறிகளில் எழுதி, அருகே பொருளையும் தாருங்கள், தமிழ் அறியாத ஒருவர் திருத்தினாலும் விளங்க வேண்டும். மேலே படிக்க விரும்புவோருக்கு மாவட்டத்துக்குள்ளேயே சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் மொழியியல் துறையும், புதுச்சேரியில் மொழியியல் பண்பாட்டு ஆராய்ச்சி நிறுவனமும் இருக்கின்றன. அங்கே போவதற்கு முன் நோட்டில் ஒலியன், மாற்றொலி, உருபன், மாற்றுருபு ஆகிய நான்கு பக்கங்களையாவது உங்கள் சொந்த எடுத்துக்காட்டுகளால் நிரப்பிக்கொள்ளுங்கள்.